நாலடி மலை

போன வருஷம் ஐப்பசி முதல் வாரத்தில் அப்பா போன் செய்தார். சம்பா நடவு முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. வழக்கமாக மழை, நாத்து, ஆள் கூலி என்று சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு நேராகச் சொன்னார்.

"தம்பி, சின்னதா ஒரு டிராக்டர் பாக்கணும்டா. எது நம்ம வயலுக்குத் தோதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்தப் பொருள் வாங்குவதென்றாலும் முதலில் ஒரு எக்செல் ஷீட் திறப்பது பழக்கம். ஃப்ரிட்ஜுக்கும் அப்படித்தான், பையனின் ஸ்கூலுக்கும் அப்படித்தான். அன்றிரவே திறந்துவிட்டேன். குதிரைத்திறன், எடை, நாலு சக்கர ஓட்டமா இரண்டா, தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம், அகலம், விலை. ஆறு பத்திகள்.

எங்களுக்குத் திருக்கடையூரில் ஒன்பது மா நிலம். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு மா என்றால் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. ஒன்பது மா என்பது மூன்று ஏக்கர். அதுவும் மூன்று துண்டாக. கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, பிரிந்து பிரிந்து, மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சியதுபோக எங்களுக்கு வந்து சேரும்.

ஈர நிலத்துக்கான சின்ன டிராக்டர் என்று தேடினால், உலகம் முழுக்க அந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது: சரிவு எவ்வளவு? மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவர்கள், சரிவில் புல் வெட்டுபவர்கள், மழைநாளில் வண்டி வழுக்குகிறது என்பவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஏது சரிவு? வாய்க்காலில் மடை திறந்தால் எந்தப் பக்கம் போவது என்று தண்ணீரே கொஞ்ச நேரம் யோசிக்கிற ஊர். 'சரிவு' என்று ஒரு பத்தி போட்டு, அதில் பூஜ்யம் என்று எழுதினேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. ஒன்று இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து எங்கள் பெரிய துண்டுக்கு இறங்கும் வழி. உயரம் நாலடி. அது எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போய்ப் பூஜ்யத்தை அழித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காலியாக விட்டுவிட்டேன்.

*

அப்பா டிராக்டர் கேட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். 2024இல் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். போர் போட்டவர்கள் குறுவை செய்தார்கள். எங்கள் பக்கம் கடல் கிட்டே; போர் தண்ணீரை நம்ப முடியாது, உப்பேறிவிடும். எனவே குறுவை போயிற்று. சம்பாவுக்குத் தண்ணீர் வந்தபோது ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் உழவு கேட்டது. டிராக்டர் வைத்திருக்கும் மாமா ஒருவரிடம்தான் எப்போதும் ஓட்டுவோம். அவர் என்ன செய்வார்? பத்து வேலிக்காரருக்கு முதலில் போவார், அப்புறம் ஐந்து வேலி, ஒன்பது மாவுக்கு எட்டு நாள் தாமதம். அதற்குள் நாத்து முத்திவிட்டது. நாத்தங்காலில் அதிக நாள் நின்ற பயிர் நட்ட பிறகு சரியாகத் தூர் கட்டாது. எத்தனை உரம் போட்டாலும் அந்த எட்டு நாளைத் திரும்ப வாங்க முடியாது.

எனவே சொந்தமாக ஒன்று. சின்னதாக ஒன்று. நியாயமான ஆசை.

ஆனால் சின்ன டிராக்டர் என்பது வேறு நிலத்துக்குப் பிறந்த சாதி. நம் நாட்டில் 24, 27 குதிரைத்திறன் வண்டிகள் அதிகம் ஓடுவது நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில், பருத்தி வரிசைகளுக்கு நடுவில். அங்கே அகலம்தான் பிரச்சினை. இரண்டு வரிசைக்கு இடையில் நுழைந்து வெளியே வர வேண்டும். எங்களுக்கு அகலம் பிரச்சினையே இல்லை, ஆழம்தான் பிரச்சினை.

நெல் வயலின் சேறு வெறும் சேறு அல்ல. பல தலைமுறையாக மாடும் மனிதரும் பிறகு இயந்திரமும் ஒரே ஆழத்தில் மிதித்து மிதித்து, ஒரு சாண் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கும். அந்தத் தளம்தான் தண்ணீரைக் கீழே இறங்காமல் தாங்குகிறது, மேலே ஓடும் வண்டியையும் தாங்குகிறது. வண்டியின் எடை அதிகமானால் தளம் உடையும். உடைந்த இடத்தில் அடுத்த போகம் சக்கரம் இன்னும் கீழே போகும். இப்படித்தான் வயலில் உளை உண்டாகிறது. எங்கள் பெரிய துண்டில் வடிகால் ஓரம் முழங்கால் ஆழத்துக்கு உளை இருக்கிறது. அறுப்புக்கு டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான்.

இந்தக் கணக்கில் சின்ன வண்டிக்கு ஒரு நன்மை உண்டு. சேற்று உழவுக்குப் பரவலாக ஓடும் 45 குதிரைத்திறன் வண்டி ஏறக்குறைய இரண்டு டன். 24 குதிரைத்திறன் ரகங்கள் சிலது முக்கால் டன்கூட இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும். தளத்துக்கு நல்லது. குபோட்டா போன்ற ஜப்பான் கம்பெனிகள் இதில் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. அங்கும் நெல், அங்கும் துண்டு துண்டான நிலம். டிராக்டருக்கு முன்னால் 1947இலேயே அவர்கள் டில்லர் செய்தார்கள். நம் பக்கம் பவர் டில்லரும் ஜப்பான் வழியாகவே வந்தது, பெங்களூரின் வி.எஸ்.டி. கம்பெனி 1967இல் மிட்சுபிஷியோடு சேர்ந்து ஆரம்பித்தது.

தை மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவை மயிலாடுதுறைக்கு அழைத்துப் போனேன். ஷோரூமில் ஒரு பையன் 24 குதிரைத்திறன் வண்டியைக் காட்டி மூச்சுவிடாமல் பேசினான். அப்பா ஏறி உட்கார்ந்தார். கால் எட்டியது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். ஸ்கூல் பையன் சைக்கிளில் உட்கார்ந்த முகம். பிறகு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் கை ஊன்றி வண்டிக்கு அடியில் பார்த்தார். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை வைத்து அளந்தார்.

"ஒரு சாண் நாலு விரல். உளையில வயிறு தட்டுமே தம்பி?"

பையன் விளம்பரத் தாளைப் புரட்டினான். அதில் உளை என்று ஒரு பத்தி இல்லை.

*

வீட்டுக்கு வந்ததும் நான் ஷீட்டைக் காட்டினேன். குறுவை, சம்பா இரண்டும் சேர்த்து மூன்று ஏக்கருக்கு வருஷத்துக்கு 24 மணி நேர ஓட்டு. எங்களுக்குக் கிடைக்கிற வாடகையில் மணிக்கு 1,200 என்று போட்டாலும் 28,800 ரூபாய். வண்டியும் ரொட்டவேட்டரும் கேஜ் வீலும் சேர்த்து ஆறு லட்சம் என்று வைத்தால், 9 சதவீத வட்டி மட்டுமே வருஷத்துக்கு 54,000. டீசல் இல்லை, ரிப்பேர் இல்லை, தேய்மானம் இல்லை, வெறும் வட்டி. வருஷத்தில் 364 நாள் கொட்டகையில் நிற்கப்போகும் வண்டிக்கு.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிடா. அந்த எட்டு நாள எந்தக் கட்டத்துல போட்டுருக்க?"

எதிலும் போடவில்லை. பதில் சொல்லாமல் லேப்டாப்பை மூடினேன். கொஞ்சம் கோபமாகவே மூடினேன் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 69 வயது. "சரி, வாங்குனா யாரு ஓட்டுவா?" என்று கேட்டேன். "ஏன், நான்தான்" என்றார். டில்லர் பின்னால் நாள் முழுக்கச் சேற்றில் நடந்தவர்தான். ஆனால் அது இருபது வருஷத்துக்கு முன்னால்.

அவர் தூங்கப் போன பிறகு அம்மா சொன்னாள்: "எட்டு நாளு பத்து நாளெல்லாம் சும்மாடா. அவுருக்கு அந்தச் சரிவுல இன்னொருத்தர் பெத்த புள்ளய ஏத்த மனசு வல்ல. வருஷா வருஷம் உழவு முடியிற வரைக்கும் சோறு எறங்காது. நீதான் ஊருல இருக்கறதில்லயே, ஒனக்கு எங்க தெரியும்."

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனைக் காலால் உதைத்த தலம். அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். மாலை போட்ட தாத்தா பாட்டிகளும் பட்டுப்பாவாடைப் பேத்திகளுமாக எந்த நாளும் கோயிலில் கல்யாணம். ஆயுளுக்காக ஊர் ஊராக வேனில் வந்து இறங்குவார்கள். அவர்கள் வருகிற வழியிலேயே எங்கள் வயல் தெரியும்.

நான் பத்தாவது படிக்கும்போது அந்தச் சரிவில் ஒரு அண்ணன் செத்துப்போனார். எங்கள் வயலை உழுதுவிட்டு மேலே ஏறும்போது. இருபத்தாறு வயது. தெருவில் என்னை உட்காரவைத்து முதலில் ஸ்டியரிங் பிடிக்கக் கொடுத்தவர். அப்போதெல்லாம் கடைசி ஓட்டுக்குப் பின்னால் கலப்பை எதுவும் மாட்டாமல் கேஜ் வீலை மட்டும் போட்டுச் சேற்றை மிதிப்பார்கள். வேலை முடிந்து ஏறினார். முன்சக்கரம் சரிவில். பின்சக்கரம் சரிவின் அடியில் இருந்த பள்ளத்தில். ஆக்சிலேட்டரை மிதித்தார். முன்பக்கம் தூக்கிக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்தது. நான் பார்க்கவில்லை. அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவருடைய அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. "அவன் தண்ணி குடிச்சானா? கேட்டானா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் "குடிச்சான் அக்கா" என்றார்.

*

அதற்குப் பிறகு நான் இன்ஜினியரிங் படித்தேன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருநாளும் கணக்காக யோசித்ததில்லை. அம்மா சொன்ன இரவுக்குப் பிறகுதான் படித்தேன்.

விஷயம் எளிமையானது. இன்ஜின் பின் அச்சை முறுக்குகிறது. சக்கரம் சுற்ற முடிந்தால் வண்டி நகரும். சக்கரம் பள்ளத்தில் மாட்டிச் சுற்ற முடியாவிட்டால், அதே முறுக்கு வண்டியின் உடலை அச்சைச் சுற்றித் தூக்கும். சக்கரம் சுற்றாவிட்டால் வண்டி சுற்றும், அவ்வளவுதான். சரிவில் ஏறும்போது பாரம் ஏற்கனவே பின்னால் சாய்ந்திருப்பதால் தூக்குவது இன்னும் சுலபம். முன்சக்கரம் கிளம்பியதிலிருந்து திரும்ப முடியாத நிலைக்குப் போக ஏறக்குறைய முக்கால் விநாடி என்கிறார்கள். மனிதன் ஆபத்தை உணர்ந்து கிளட்சை மிதிக்க அதற்குக் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. இல்லை. அவருக்கு நேரமே இருக்கவில்லை.

இது டிராக்டர் பிறந்த காலத்து வியாதி. 1917இல் ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தபோது, கலப்பை கல்லில் மாட்டினால் வண்டி குதிரை மாதிரி எழுந்து ஓட்டுபவர் மேலேயே விழும் என்று பெயர் எடுத்தது. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் அதைத்தான் தீர்க்கப் பார்த்தார். கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல் மூன்று இடத்தில் வண்டியோடு இணைத்து, கலப்பை மாட்டும்போது வரும் விசை வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும்படி செய்தார். இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின்னால் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கும். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாசி ஃபெர்குசன் வண்டிகளில் இருப்பது அவர் பெயர்தான். அந்த அண்ணன் ஓட்டியதிலும் அந்த இணைப்பு இருந்தது. ஆனால் கலப்பை மாட்டாத இணைப்பு எதையும் அழுத்தாது.

ஸ்வீடன் 1959இல் புதிய டிராக்டர் எல்லாவற்றிலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்றது. அதன் பிறகு கவிழ்ந்து சாவது அங்கே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. எங்கள் ஊர் வண்டிகளில் தலைக்கு மேல் இருப்பது கூரை. அது வெயிலுக்கு.

சின்ன வண்டி பாதுகாப்பானது என்று நான் சும்மா நம்பியிருந்தேன். பார்வைக்குத் தரையோடு ஒட்டி இருக்கிறதே. கணக்குப் போட்டேன். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே 1.3 மீட்டர் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் 30 சென்டிமீட்டர் புதைந்தால் வண்டி சுமார் 13 டிகிரி சாயும். 90 சென்டிமீட்டர்தான் உள்ள குட்டி வண்டியில் அதே புதைவுக்கு 19 டிகிரி. பள்ளத்துக்கு வண்டியின் அளவு தெரியாது. சின்ன வண்டிக்கு அது பெரிய பள்ளம். அப்பா உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை.

*

மாசியில் மறுபடி ஊருக்குப் போனேன். வண்டி பார்க்க அல்ல. வயலுக்குப் போய்ச் சரிவில் போனை வைத்து அளந்தேன். நாலடி உயரத்தை எட்டடி நீளத்தில் இறங்குகிறது. 27 டிகிரி. இருபது வருஷமாக உழவுக்கு முதல் நாள் அப்பா தன் கையால் அந்த அடிப் பள்ளத்தில் செங்கல் உடைத்துப் போட்டு, மண் தட்டி, வைக்கோல் போட்டு மூடுவாராம். அது எனக்குத் தெரியாது. இரண்டாவது சேற்று உழவிலேயே பள்ளம் திரும்பவும் விழுந்துவிடும்.

"இந்த எட்டடிய இருபத்தெட்டடி ஆக்குனா என்ன?" என்றேன்.

"வயலுக்குள்ளல்லடா போவும்? பட்டா நெலத்துல ரோடு போடவா?"

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பன்னிரண்டடி அகலம். கூடுதலாகப் போகிற இடம் 240 சதுர அடி. அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். சரிவு 8 டிகிரிக்கு வந்துவிடும். மண் ஐந்து யூனிட் போதும். அடியில் கருங்கல் ஜல்லி. மொத்தச் செலவும் ஆறு லட்சத்துக்கு ஆறு மாத வட்டியைத் தாண்டாது.

அவர் தாளைப் பார்க்கவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்றோ, ஊரில் எல்லாச் சரிவும் அப்படித்தான் இருந்தது என்றோ. இரண்டும் உண்மை. சொல்ல வாய் வரவில்லை. வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உளுந்து எடுத்த பிறகு, சித்திரையில், ஜேசிபி வைத்து அரை நாளில் வேலை முடிந்தது. அப்பா மட்டும் இன்னும் மூன்று நாள் மண்வெட்டியோடு ஓரம் தட்டிக்கொண்டிருந்தார்.

2025இல் மேட்டூர் ஜூன் 12இலேயே திறந்தார்கள். மாமாவிடம் முன்கூட்டியே பேசி, மழை எப்படியோ தண்ணீர் எப்படியோ எங்களுக்கு இன்ன நாள் என்று முன்பணமும் கொடுத்துவிட்டோம். குறுவைக்கு நான் லீவ் போட்டுப் போயிருந்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற 45 குதிரைத்திறன் வண்டி. ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். காதில் புளூடூத். சேற்று உழவு முடித்துச் சரிவுக்கு வந்தவன், பழக்கத்தில் நேராகத் திருப்பினான்.

"தம்பி! நில்லு! ரிவர்ஸ்ல ஏறு!" அப்பா வரப்பிலிருந்து கத்தினார்.

"ஒண்ணும் ஆவாது தாத்தா, இப்ப நல்லாத்தான இருக்கு சரிவு."

"நல்லா இருந்தாலும் ரிவர்ஸ்ல ஏறு."

பையன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அலுத்துக்கொண்டே திருப்பி, பின்னாலேயே மெதுவாக ஏறினான். ரோட்டுக்குப் போன பிறகு அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கிற வரை அங்கேயே நின்றார்.

செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அறிவிப்பு வந்த மறுநாளே போன்.

"தம்பி, வரியக் கொறச்சிட்டானாம்ல. இப்ப என்னா வெலைக்கு வரும்னு கொஞ்சம் பாரேன்."

"யாரு ஓட்டுறது?"

"நீதான் லீவு போட்டு வர்றியே."

ஷீட்டைத் திறந்தேன். வண்டி விலையில் 37 ஆயிரம் போல் குறைகிறது. வட்டி கொஞ்சம் இறங்குகிறது. இன்னும் கட்டுப்படியாகவில்லை. சரிவு என்ற பத்தியில் 8 என்று எழுதினேன். பிறகு கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்து, 'எட்டு நாள்' என்று எழுதினேன். அதற்கு நேரே எவ்வளவு போடுவது என்று அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.